பார்வையின் குற்றம்

அமெரிக்காவின் மலிவுப் பதிப்பு வியாபாரத்தில் ஒரு வழக்கம் உண்டு. விற்காமல் தங்கிய புத்தகத்தைக் கடைக்காரர் முழுசாகத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. அட்டையை மட்டும் கிழித்து அனுப்பினால் பதிப்பகம் பணத்தை வரவு வைத்துவிடும். அட்டை போன மிச்சத்தைக் கூழுக்குப் போட்டுவிட வேண்டும். அப்படிப் போடாமல் சிலர் விற்றுக் காசு பார்த்தார்கள் என்பதால், அட்டையில்லாத பிரதியை வாங்காதீர்கள் என்று உள்பக்கத்திலேயே எச்சரிக்கை அச்சிடும் பழக்கமும் பின்னால் வந்தது. ஆசிரியர் உட்கார்ந்து எழுதிய இருநூறு பக்கம் கணக்கில் வராது. ஓவியர் வரைந்த ஒற்றைத் தாள் வரும். இந்த ஏற்பாட்டில் ஒருவிதமான நேர்மை இருக்கிறது. 1950களிலும் 60களிலும் மருந்துக் கடையிலும் ரயில் நிலையத்திலும் கம்பிச் சட்டத்தில் செருகியிருந்த உளவு நாவலுக்குக் கை நீட்டியவரை முதலில் இழுத்தது அட்டைதான். சாயம் பூசிய உதடு, தோளிலிருந்து நழுவும் கவுன், பின்னால் கைத்துப்பாக்கியோடு ஓர் ஆண், அவனுக்கும் பின்னால் மசூதி மினாரோ பாரிஸின் தெருவிளக்கோ. பேருந்து நிலையக் கடைகளில் தொங்கிய மாத நாவல்களைப் பார்த்து வளர்ந்த தமிழ் வாசகருக்கு இந்த இலக்கணத்தை விளக்க வேண்டியதில்லை. இன்று அதே புத்தகங்களைத் தேடிப் பிடித்து, பாலிதீன் உறையிலிட்டு அடுக்கி, எடுத்தெடுத்துப் பார்த்து மகிழ்கிறவர்கள் இருக்கிறார்கள். உள்ளே இருக்கும் சாணித்தாள் பழுத்து உதிர்வதால், பலர் அதைத் திறப்பதற்கே அஞ்சுகிறார்கள். பார்ப்பதற்கென்றே புத்தகம் வாங்கும் இந்த விசித்திரக் கூட்டத்தை முன்னிட்டுப் பழைய கேள்வி ஒன்றை மறுபடி கேட்கலாம்: வெறுமனே பார்ப்பதில் குற்றம் உண்டா?

இல்லை, பார்ப்பது வெறும் பார்ப்பதுதான் என்று கைகழுவிவிடுவது எளிது. மனித குலத்தின் பெரிய மரபுகள் எதுவும் அப்படிக் கைகழுவவில்லை. மத்தேயு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் இயேசு, இச்சையோடு பார்ப்பவன் உள்ளத்தில் விபசாரம் செய்தாயிற்று என்கிறார். கண்ணுக்கும் கைக்கும் இடையே நாம் போட்டு வைத்திருக்கும் கோட்டை அழித்துவிடுகிறார். பிறன் மனைவியை நோக்காதிருப்பதையே பெரிய ஆண்மையாகக் குறள் கொண்டாடுவதும், பார்வையைச் செயலாக எண்ணுவதால்தான். பிளேட்டோவின் ‘குடியரசு’ நான்காம் பகுதியில் லியான்டியஸ் என்பவனின் கதை வருகிறது. ஏதென்ஸ் மதிலுக்கு வெளியே கொலைக்களத்தில் பிணங்கள் கிடக்கின்றன. பார்க்கவும் ஆசை, பார்க்கக் கூசவும் செய்கிறது. முகத்தை மூடிக்கொண்டு போராடிவிட்டுக் கடைசியில் தன் கண்களையே திட்டியபடி ஓடிப்போய்ப் பார்க்கிறான். அகஸ்டின் தன் ‘ஒப்புதல்கள்’ ஆறாம் நூலில் அலிப்பியஸ் என்ற நண்பனைப் பற்றிச் சொல்கிறார். ரோமாபுரியில் தோழர்கள் அவனை வாள்வீரர் சண்டைக்கு இழுத்துப் போகிறார்கள். உடல்தான் அங்கே இருக்கும், மனம் இராது என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்தவன், கூட்டம் போட்ட ஒரு கூச்சலில் கண்ணைத் திறந்தான். அந்த நொடியே கூட்டத்தில் ஒருவனாகிவிட்டான். இந்த இரண்டு கதைகளையும் காமத்தோடு சேர்த்தே மேற்கோள் காட்டுவது பிரசங்கிகளின் பழக்கம். ஆனால் இரண்டிலும் காமம் இல்லை. ஒன்றில் பிணம், மற்றதில் ரத்தம். பார்வையின் குற்றத்தை ஆழமாக யோசித்த இரண்டு பேர், அதற்கு உதாரணமாக எடுத்துக்கொண்டது பிறர் படும் துன்பத்தைக் கண்டு ருசிக்கும் கண்ணைத்தான். நான் சொல்லவருவதற்கு இது முக்கியம்.

1950களின் அமெரிக்க ஒழுக்கக் காவலர்கள் பிளேட்டோவையும் அகஸ்டினையும் விட்டு மத்தேயுவைப் பிடித்துக்கொண்டார்கள், அதிலும் பாதியை. கத்தோலிக்க ஆயர்கள் 1938இல் தொடங்கிய கண்ணியமான இலக்கியத்துக்கான தேசிய அமைப்பு தடைப் பட்டியல்கள் போட்டது. பங்கு மக்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினார்கள். 1952இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை, ஆர்கன்சா உறுப்பினர் கேதிங்ஸ் தலைமையில் விசாரணைக் குழு ஒன்றை அமைத்தது. நடப்பு ஆபாச வெளியீடுகளை ஆராயும் குழு என்பதே அதன் பெயர். மலிவுப் பதிப்புகளின் அட்டைகள் அதன் முன் விரித்து வைக்கப்பட்டன. ரோட் ஐலண்ட் மாநிலம் ஒருபடி மேலே போய், இளைஞரிடையே ஒழுக்கத்தை ஊக்குவிக்க ஆணையமே நிறுவியது. அது புத்தக விநியோகஸ்தர்களுக்குக் கடிதம் போடும். பின்னாலேயே போலீஸ்காரர் வந்து என்ன செய்தீர்கள் என்று விசாரிப்பார். 1963இல் உச்சநீதிமன்றம், இது சட்டத்தின் பெயர் சொல்லாத தணிக்கை என்று தள்ளியது. இவர்களை எல்லாம் கேலி செய்வது இன்று மலிவான வேலை. பார்ப்பது ஒரு செயல்தான், கண்ணுக்கும் பொறுப்பு உண்டு என்ற அடிப்படையில் அவர்கள் சொன்னது சரி. இடம்தான் தவறிப்போனது. எத்தனை அங்குலத் தோல் தெரிகிறது என்பதில் அவர்கள் பார்வை நிலைகுத்தி நின்றுவிட்டது.

சேகரிப்பாளர்களுக்கு வருவோம். ஏன் இதையெல்லாம் சேர்க்கிறீர்கள் என்று கேட்டால் அவர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில்களில் முதலாவது வரலாறு: பனிப்போர்க் காலத்தின் மனநிலைக்கு இவை ஆவணங்கள். இது பொய்யில்லை. ஓஹையோவின் பௌலிங் கிரீன் பல்கலைக்கழகத்தில் வெகுஜனப் பண்பாட்டுக்கென்றே 1969 முதல் ஒரு நூலகம் இருக்கிறது. அங்கே இத்தகைய புத்தகங்கள் மரியாதையோடு பாதுகாக்கப்படுகின்றன. இரண்டாவது பதில் கலை. இதிலும் உண்மை உண்டு. ராபர்ட் மெக்கின்னிஸ் என்ற ஓவியர் 1958 தொடங்கி 1,200க்கும் மேற்பட்ட அட்டைகள் வரைந்தார். 2025இல் 99 வயதில் மறைந்தார். அவருடைய நீண்ட கால்களும் அலட்சியப் பார்வையும் கொண்ட பெண்களை வரைய வெறும் கைப்பழக்கம் போதாது. கூர்ந்த ஓவியக் கண் வேண்டும். ஆனால் விலைப்பட்டியலைப் பார்த்தால் இந்த இரண்டு பதில்களும் முழு உண்மை இல்லை என்று தெரிந்துவிடும். ஒரே நாவலின் இரண்டு பதிப்புகளில், அடக்கமான அட்டை போட்டது ஆவணமாகக் குறைந்ததல்ல. ஆனாலும் நழுவும் கவுன் போட்டதற்குத்தான் பெரும்பாலும் கிராக்கி. வியாபாரிகள் இதற்கென்றே ஜி.ஜி.ஏ. என்று மூன்றெழுத்துக் குறி வைத்திருக்கிறார்கள். கவர்ச்சிப் பெண் ஓவியம் என்று அதற்கு அர்த்தம். அந்தக் குறி விழுந்தால் விலை ஏறும். தத்துவவாதி காண்ட் சொன்ன நலன்சாரா ரசனைக்கு அப்படியொரு குறி தேவைப்படாது. எனவே வரலாறு, கலை என்ற மரியாதையான பெயர்களுக்குப் பின்னால் வேறொரு மகிழ்ச்சி இருக்கிறது. அது என்ன என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

வேடிக்கைக்காகத்தான் என்பது மூன்றாவது பதில். சூசன் சொன்டாக் 1964இல் ‘கேம்ப்’ ரசனையைப் பற்றி எழுதிய கட்டுரைக்குப் பிறகு இது நாகரிகமான பதிலும் ஆகிவிட்டது. ஒரு படைப்பு மிகுந்த தீவிரத்தோடு எதையோ முயன்று, அது கைகூடாமல் போய், அந்தத் தோல்வியே நமக்கு இன்பமாகும் நிலை அது. ஆனால் இந்த அட்டைகளில் தோல்வி எங்கே இருக்கிறது? இவற்றைச் செய்தவர்கள் அப்பாவிகள் இல்லை. பல சமயம் ஓவியர் கையெழுத்துப் பிரதியைக்கூடப் பார்த்ததில்லை. கதைச் சுருக்கத்தைச் சொல்லிப் படத்தை வாங்கிக்கொண்டார்கள். தலைப்பை ஆசிரியரைக் கேட்டு வைப்பதும் கட்டாயமில்லை. இயான் ஃப்ளெமிங்கின் முதல் நாவலான ‘கஸினோ ராயல்’ 1953இல் லண்டனில் வந்தது. 1955இல் அமெரிக்காவின் பாப்புலர் லைப்ரரி அதை மலிவுப் பதிப்பாகப் போட்டபோது, ‘நீயாகக் கேட்டு வாங்கியது’ என்று பொருள்படும் புதுத் தலைப்பு வைத்தது. பின்னட்டையில் நாயகன் ஜேம்ஸ் பாண்டை ‘ஜிம்மி பாண்ட்’ ஆக்கியது. ‘மூன்ரேக்கர்’ நாவலுக்கும் 1957இல் இதே கதி. தொட்டால் சுடும் என்ற பாணியில் ஒரு தலைப்பு. இதைச் செய்தவர்களுக்குத் தாங்கள் என்ன செய்கிறோம் என்று நன்றாகவே தெரிந்திருந்தது. அவர்களுக்கு நேரடியான ஒரு நோக்கம் இருந்தது, அதில் வெற்றியும் கண்டார்கள். தோல்வியுற்ற தீவிரம் என்று அவர்களைப் பார்த்துச் சிரிப்பது நம் கற்பனை.

அப்படியானால் மகிழ்ச்சி எதில்? ஆசை காட்டும் வித்தை, அதன் எலும்புக்கூடு தெரியும்படி நமக்கு முன்னால் நிற்பதில் என்று நினைக்கிறேன். அட்டை ஒரு வாக்குறுதி. உள்ளே இருக்கும் நாவல் பெரும்பாலும் அதைக் காப்பாற்றுவதே இல்லை. ‘கஸினோ ராயல்’ சீட்டாட்டத்தையும் சித்திரவதையையும் தாண்டி, நம்பிய பெண்ணின் துரோகத்தையும் தற்கொலையையும் சொல்லிக் கசப்போடு முடியும் கதை. 1960இல் கோல்ட் மெடல் வெளியிட்ட டொனால்ட் ஹாமில்டனின் முதல் மாட் ஹெல்ம் நாவல் இதற்கு இன்னும் நல்ல சாட்சி. யுத்த காலத்தில் அரசாங்கத்துக்காகக் கொலை செய்தவன், சான்டா ஃபேயில் மனைவி, மூன்று குழந்தைகள், எழுத்து, புகைப்படம் என்று சாதுவான குடிமகனாக வாழ்கிறான். பழைய வேலை அவனைத் தேடி வருகிறது. தன் பிள்ளையை மீட்க அவன் எந்த அளவுக்குப் போகிறான் என்பதை மனைவி பார்த்துவிடுகிறாள். அதோடு அந்தக் குடும்பம் முடிந்தது. வறண்ட, கெட்டியான, ஒழுக்கத்தைப் பற்றித் தீவிரமாக யோசிக்கிற நாவல். அதை விற்ற இடமோ உதட்டுச்சாயமும் துப்பாக்கியும் நிறைந்த கம்பிச் சட்டம். மறுகோடியில், 1964இல் தொடங்கி 1990 வரை 260க்கும் மேற்பட்ட புத்தகங்களாக ஓடிய ‘நிக் கார்ட்டர்’ வரிசை இருக்கிறது. நாயகன் பெயரே ஆசிரியர் பெயராகவும் அட்டையில் இருக்கும். உள்ளே எழுதியவர்கள் கூலிக்கு எழுதிய பலர். அங்கே வாக்குறுதி மட்டும்தான், தருவதற்குக் கடன்காரரே இல்லை. இவற்றை ஒன்றாக அடுக்கிப் பார்க்கிறவருக்குக் கிடைப்பது, மீனுக்கு ஒருபோதும் கிடைக்காத சலுகை: தூண்டில் முள்ளைத் தண்ணீருக்கு வெளியே வைத்துப் பார்ப்பது. இன்றைய கைபேசித் திரையில் நம்மை இழுக்கும் படங்களை இப்படிப் பார்க்க முடியாது. அவை இன்னும் நம்மீது வேலை செய்துகொண்டிருக்கின்றன. எழுபது வருஷப் பழசின் வேகம் தணிந்துவிட்டதால் அதன் இயக்கம் கண்ணுக்குத் தெரிகிறது.

காலம் இதைச் செய்கிறது என்று சொல்ல மேற்கத்திய அழகியலுக்குப் போக வேண்டியதில்லை. அபிநவகுப்தர் நாடகத்தைப் பற்றிச் சொன்னதே போதும்: மேடையில் காணும் உணர்ச்சி என்னுடையதும் இல்லை, இன்னொருவனுடையதும் இல்லை என்று பொதுமைப்படும்போதுதான் அது ரசமாகிறது. அரங்கம் செய்வதை இங்கே ஆண்டுகள் செய்கின்றன. அந்த அட்டையிலிருக்கும் பெண் என்னை அழைக்கவில்லை. 1955இல் டெட்ராய்ட்டில் ரயிலுக்குக் காத்திருந்த யாரோ ஒருவனை அழைத்தாள். அவனுடைய ஆசையைத்தான் நான் பார்க்கிறேன். சிருங்காரத்திலிருந்து ஹாஸ்யம் பிறக்கும் என்று நாட்டிய சாத்திரம் சொல்வதும் இதற்குப் பொருந்துகிறது. காதலின் தோரணையை அதன் உயிர் போனபின் பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால் சிரிப்பிலும் வகை உண்டு. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகைக்குச் சொல்லும் நிலைக்களன்களில் பேதைமை ஒன்று, எள்ளல் இன்னொன்று. இரண்டையும் ஒரே வரிசையில் வைத்தாலும், அவை ஒன்றில்லை என்பதை உரைகாரர் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. டெட்ராய்ட்டுக்காரனின் ஆசையைப் பார்த்துச் சிரிக்கும்போது நான் சிரிப்பது பேதைமையை, அதில் என் பேதைமையும் சேர்த்தி. வேறு சில அட்டைகளைப் பார்த்துச் சிரித்தால் அது எள்ளலில் போய் முடியும். என் வாதம் தொங்குவது இந்த வேறுபாட்டில்.

அந்த வேறு சில அட்டைகளைச் சேகரிப்பாளர்கள் அறிவார்கள். சாக்ஸ் ரோமர் 1912இல் படைத்த ஃபூ மான்சு என்ற சீன வில்லன், 1960களில் பிரமிட் பதிப்பகத்தின் மலிவுப் பிரதிகளாகத் திரும்ப வந்தான். வளைந்த புருவம், நீண்ட நகம், உலகையே விழுங்கப் பார்க்கும் கிழக்கு. ஃப்ளெமிங்கின் ‘டாக்டர் நோ’ நாவலின் வில்லன் பாதி ஜெர்மானியன், பாதி சீனன். கலப்புப் பிறப்பே அங்கே கேட்டுக்கு அடையாளமாகிவிடுகிறது. பனிப்போர் உளவு நாவல்களில் கெய்ரோவும் சைகோனும் ஹாங்காங்கும் ஊர்களாக வருவது குறைவு; வியர்த்து வழியும், காட்டிக்கொடுக்கும் பின்னணித் திரையாகவே வரும். இப்போது காமத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1952இல் சபை உறுப்பினர்களைத் திடுக்கிட வைத்த தோள்பட்டை இன்று சோப்பு விளம்பரத்துக்குக்கூடப் போதாது. ஆனால் ஃபூ மான்சுவின் முகத்தில் இருக்கும் இளக்காரம் ஒரு பங்கும் குறையவில்லை. அதைப் பார்க்கும் சீன வம்சாவளி அமெரிக்கர் ஒருவருக்கு, அந்தப் படம் இன்னமும் தன்னைப் பற்றித்தான் பேசுகிறது. ஃப்ளெமிங்கின் உரிமையாளர்களே இதற்குச் சாட்சி சொல்கிறார்கள். 2023இல் பாண்ட் நாவல்களின் எழுபதாம் ஆண்டுக்காகப் புதுப் பதிப்புகள் கொண்டுவந்தபோது, அவர்கள் முக்கியமாகக் கை வைத்தது இனத்தைக் குறித்த சொற்களில், அதிலும் குறிப்பாக ஹார்லெமில் நடக்கும் 1954ஆம் வருட நாவலில். படுக்கையறைக் காட்சிகளால் யாருக்கும் தூக்கம் கெடவில்லை. ஆயர்கள் அஞ்சிய பகுதி காலாவதியாகிவிட்டது; அவர்கள் சாதாரணமாகத் தாண்டிப்போன பகுதிதான் இன்றும் நாற்றமடிக்கிறது.

கற்பனைதானே, இதனால் யாருக்கு என்ன கேடு என்று இங்கே ஒரு மறுப்பு வரும். மற்ற வகை நாவல்களைக் காட்டிலும் உளவு நாவலுக்கு இந்த மறுப்பு பொருந்தாது. 1960 மார்ச்சில் வாஷிங்டனில் செனட்டர் கென்னடியின் வீட்டு விருந்தில் ஃப்ளெமிங் உட்கார்ந்திருந்தார். கியூபாவின் காஸ்ட்ரோவை எப்படி ஒழிப்பது என்று பேச்சு வந்தது. கொல்வதைவிடக் கேலிக்குரியவனாக்குவதே வழி என்று அவர் சில யோசனைகளை வேடிக்கையாக எடுத்துவிட்டார். தாடியை வைத்தும் ஒன்று இருந்தது. அடுத்த வருஷம் ‘லைஃப்’ இதழ், ஜனாதிபதி கென்னடிக்குப் பிடித்த பத்துப் புத்தகங்களில் ஒரு பாண்ட் நாவலையும் அச்சிட்டது. 1975இல் செனட்டின் சர்ச் குழு வெளியிட்ட அறிக்கையைப் படித்தால், காஸ்ட்ரோவின் காலணியில் தாலியம் உப்பைத் தடவித் தாடியை உதிரச் செய்யலாம் என்று சி.ஐ.ஏ. உண்மையிலேயே யோசித்திருந்தது தெரியும். விருந்துப் பேச்சுதான் இதற்கு விதை என்று நான் சொல்லவில்லை. இரண்டும் ஒரே வயலில் முளைத்தவை. ஹோவர்ட் ஹன்ட் கதை இன்னும் வெளிப்படையானது. சி.ஐ.ஏ. அதிகாரியாக இருந்துகொண்டே கோல்ட் மெடலுக்கு நாவல் எழுதியவர்; 1965 முதல் டேவிட் செயின்ட் ஜான் என்ற புனைபெயரில் பீட்டர் வார்ட் என்ற உளவாளியை வைத்து ஒரு வரிசையே எழுதினார்; 1972இல் வாட்டர்கேட் உடைப்பை நடத்தியவர்களில் ஒருவராகக் குற்றம்சாட்டப்பட்டார். அட்டைக்கு உள்ளே இருந்தவனும் வெளியே இருந்தவனும் ஒரே ஆள். அந்நிய நாட்டுத் தலைவன் ஒரு கோமாளி, அந்நிய நகரம் ஒரு திரைச்சீலை என்ற கற்பனை பழகிப்போன மனத்துக்கு, தாலியமும் ஒரு சுவாரசியமான அத்தியாயமாகத்தான் தோன்றும். இந்த நாவல்களின் காமத்தால் எந்த நாடும் கவிழ்ந்ததாகத் தெரியவில்லை.

விமர்சகர்களில் சிலர் இதை அப்போதே முகர்ந்துவிட்டார்கள். 1958இல் ‘நியூ ஸ்டேட்ஸ்மன்’ இதழில் பால் ஜான்சன் ‘டாக்டர் நோ’வைக் கிழித்தபோது, பாலியல் ஏக்கத்தையும் சேர்த்தே சாடினாலும், பள்ளிக்கூட முரடனின் கொடூரத்தைத்தான் குற்றப் பட்டியலின் தலையில் வைத்தார். ஆர்வெல் 1944இலேயே குற்ற நாவல்களைப் பற்றிய கட்டுரை ஒன்றில், வலியவன் எளியவனை நசுக்குவதை வாசகன் ருசிக்கப் பழகுவது சர்வாதிகார அரசியலுக்கு உறவு என்று கண்டார். இருவரும் பிரசங்கிகள் இல்லை. ஆனாலும் அலிப்பியஸின் கண்ணுக்கு என்ன நேர்ந்தது என்பதை, ஞாயிறுதோறும் அகஸ்டின் பெயரைச் சொன்னவர்களைவிட அவர்கள் நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார்கள்.

கோயில் தேரிலும் கோபுரத்திலும் இல்லாத காமமா என்று நம்மூரில் ஒருவர் கேட்கக்கூடும். இந்தக் கேள்வி அட்டைகளுக்கு வக்காலத்து வாங்கப் போதாது. தேரின் சிற்பத்தைச் சுற்றி ஒரு திருவிழா இருக்கிறது, உச்சியில் ஒரு தெய்வம் இருக்கிறது. 25 சென்ட் புத்தகத்தைச் சுற்றி இருந்தது விலையும் ரயில் நேரமும். பொருள்களைச் சேர்ப்பதே பற்று, அதுவே பிழை என்று துறவு மரபுகள் சொல்வதும் இன்னொரு மறுப்பு. அது தபால் தலைக்கும் பட்டுப்புடவைக்கும் சமமாகப் பொருந்தும், இந்த அட்டைகளுக்கென்று அதில் தனியாக ஒன்றும் இல்லை. தவிர, மரக்கூழின் அமிலம் தானே தின்றுகொண்டிருக்கும் காகிதத்தின்மேல் ஒருவர் வைக்கும் பற்று, நிலையாமையை மறந்த பற்றாக இருக்க வாய்ப்புக் குறைவு.

கனமான மறுப்பு வேறொன்று. காமம் மங்கிவிட்டது, இளக்காரம் மங்கவில்லை என்று பிரித்துப் பேசுகிறாயே, பெண்ணை இப்படி வரைவதே இளக்காரம்தானே, அது மட்டும் எப்படி மங்கும் என்பது அது. இதற்கு ஒரே பதில் கிடையாது. அட்டை அட்டையாகப் பார்க்க வேண்டும். நாற்காலியில் கட்டுண்டு அலறும் பெண்ணை அலங்காரமாக வைத்த அட்டைகள் நிறைய உண்டு. அவற்றில் கவர்ச்சி என்று விற்கப்படுவது அவளுடைய துன்பம். அங்கே அலிப்பியஸின் வட்டரங்குக்குத் திரும்பிவிடுகிறோம். எந்தக் காலத்தின் சலுகையும் அதற்குச் செல்லாது. மெக்கின்னிஸின் பெண்கள் அநேகமாக அப்படி இல்லை. அவர்கள் நிமிர்ந்து நிற்கிறார்கள், பார்க்கிறவனை அளந்து பார்க்கிறார்கள். துப்பாக்கி சிலசமயம் அவர்கள் கையிலேயே இருக்கிறது. ஆண் மனத்தின் கனவுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கனவில் அவன் கொஞ்சம் பயந்துகொண்டே இருக்கிறான். கட்டுண்டவளையும் நிமிர்ந்தவளையும் ஜி.ஜி.ஏ. என்ற ஒரே மூன்றெழுத்தில் போட்டு விற்கும் வியாபாரிக்கும், இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டுத் தடைசெய்த காவலருக்கும் பார்வைக் கோளாறு ஒன்றுதான்.

மெக்கின்னிஸின் தூரிகைக்கு முன்னால் நின்ற மாடல்களில் ஒருவர் ஷியர் ஹைட். நியூயார்க்கில் முதுகலை படிக்க வந்த இடத்தில் செலவுக்காக மாடலிங் செய்தார். மலிவுப் பதிப்பு அட்டைகளுக்கும் பாண்ட் படச் சுவரொட்டிக்கும் நின்றிருக்கிறார். பின்னால் மூவாயிரத்துச் சொச்சம் பெண்களிடம் அவர்களுடைய பாலுறவு அனுபவத்தைக் கேட்டறிந்து, 1976இல் அமெரிக்கக் குடும்பங்களைக் கலங்கடித்த ‘ஹைட் அறிக்கை’யை எழுதியவரும் இவர்தான். அவரைப் பெண்ணிய இயக்கத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தது உளவு நாவல் அட்டை எதுவுமில்லை. ஒலிவெட்டி தட்டச்சுப் பொறிக்காக அவர் நடித்துக் கொடுத்த ஒரு விளம்பரம். அதில் அவர் அலுவலகச் செயலாளர் வேஷத்தில் இருந்தார். இந்தப் பொறியே இவ்வளவு புத்திசாலியாக இருப்பதால் இவளுக்குப் புத்தி இருக்க வேண்டிய அவசியமில்லை என்ற பொருளில் பக்கத்தில் ஒரு வாசகம் ஓடியது. பெண்கள் அமைப்பு அந்த விளம்பரத்தை எதிர்த்து மறியல் செய்கிறது என்று கேள்விப்பட்டபோது, படத்தில் இருந்தவரும் போய் அந்த மறியலில் நின்றார்.